பதின்மூன்றா, பதினாறா, பதினெட்டா: பிள்ளைகள் சமூக ஊடகத்துக்குள் வர எது சரியான வயது?

பொங்கல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அக்கா தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். போன் மெஷின் பலகையின் ஓரத்தில், நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்தது. பிள்ளை அதை எடுத்து இன்ஸ்டாகிராமில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தாள். பிறந்த தேதி கேட்கும் இடம் வந்தது. நாளையும் மாதத்தையும் சரியாகவே வைத்தாள். வருடத்தில் மட்டும் விரலை வைத்து ஒரே இழுப்பு. 2013-ஐத் தாண்டி ஓடி 1999-இல் போய் நின்றது.

"ஏன்டி 1999?" என்று கேட்டேன்.

"அதுதான் நின்ன இடம் சித்தி."

அடுத்த நொடி ஓடிபி வந்தது. அதையும் அவளே பார்த்து அவளே போட்டாள். அந்த வீட்டில் எந்த ஓடிபி வந்தாலும் அவள்தான் பார்ப்பாள். காஸ் புக்கிங், கரண்ட் பில், பள்ளிக்கூட வாட்ஸாப் குழு எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

பிள்ளைகளை எந்த வயதில் சமூக ஊடகத்துக்குள் விடலாம் என்ற பேச்சு இப்போது நம் பக்கமும் சூடாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவைப் போல இங்கும் சட்டம் கொண்டுவர முடியுமா என்று பார்க்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் மத்திய அரசுக்கு யோசனை சொன்னது. 2026 ஜனவரியில் வந்த பொருளாதார ஆய்வறிக்கையும் வயது வரம்பு பற்றிப் பேசியது. ஆந்திராவும் கோவாவும் யோசிப்பதாகச் செய்தி வந்தது. எல்லா இடத்திலும் பேச்சு எண்ணைப் பற்றித்தான் போகிறது: பதின்மூன்றா, பதினாறா, பதினெட்டா? அக்கா வீட்டில் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வருகிறது. எந்த எண்ணை வைத்தாலும், அதைச் சரிபார்க்கும் வேலை யார் தலையில் விழுகிறது? பிள்ளை தலையிலா, பெற்றோர் தலையிலா, கம்பெனி தலையிலா? நம் முன்னால் இருக்கிற வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

இப்போது இருக்கும் பதின்மூன்று

முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் என்று எதை எடுத்தாலும் பதின்மூன்று வயது என்று போட்டிருப்பார்கள். குழந்தை வளர்ச்சி பற்றித் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த வயது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1998-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவல்களை இணையதளங்கள் சேகரிக்க வேண்டுமானால் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்றது அது. முகநூல் பிறப்பதற்கு ஐந்து வருடத்துக்கும் மேல் முன்பு, இணையதள விளம்பரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். அதை முன்னெடுத்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கி முதலில் கேட்டது இதைவிட உயர்ந்த வயதுதான். பேரம் பேசிப் பதின்மூன்றில் வந்து நின்றது.

பின்னால் வந்த கம்பெனிகளுக்குப் பெற்றோர் அனுமதி வாங்குவது செலவு, தலைவலி. அதனால் 'பதின்மூன்று வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை' என்று விதி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டன. வந்திருப்பது குழந்தை என்று கம்பெனிக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் அந்தச் சட்டத்தில் பெரும்பாலும் பொறுப்பு வரும். தெரியாமல் இருப்பதே கம்பெனிக்கு லாபம் என்று ஆகிவிட்டது. பிறந்த வருடச் சக்கரத்தைச் சுழற்றவிட்டு யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். 2019-இல் யூடியூப் 17 கோடி டாலர் அபராதம் கட்டிச் சமரசத்துக்கு வந்தது; டிக்டாக்கின் முந்தைய வடிவமான மியூசிக்கலி 57 லட்சம் டாலர் கட்டியது. இரண்டிலும் அங்கே குழந்தைகள் இருப்பது கம்பெனிக்குத் தெரியும் என்பதே குற்றச்சாட்டு.

இந்த ஏற்பாட்டில் சரிபார்க்கிற வேலை முழுக்கப் பிள்ளையின் தலையில். உண்மையைச் சொன்னால் கதவு மூடும், பொய் சொன்னால் திறக்கும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது. அதோடு இன்னொரு கெடுதலும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. 1999 என்று போட்ட என் அக்கா மகளை அந்தக் கம்பெனி இருபத்தாறு வயதுப் பெண்ணாகத்தான் நடத்தும். பதின்ம வயதினருக்கென்று வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்பும் அவளுக்குக் கிடைக்காது. முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பலாம். பெரியவர்களுக்குக் காட்டும் விளம்பரம் எல்லாம் அவளுக்கும் வரும். ஆக, இந்தப் பதின்மூன்றை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. இப்படியே தொடரட்டும் என்று சொல்பவர்கள், பொய் வருடம் போட்ட பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பதினாறு

ஆஸ்திரேலியா 2024 நவம்பர் கடைசியில் சட்டம் இயற்றி, கம்பெனிகள் தயாராவதற்கு ஒரு வருட அவகாசம் கொடுத்து, 2025 டிசம்பர் 10 அன்று அமலுக்குக் கொண்டுவந்தது. பதினாறு வயது ஆகாதவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது. முகநூல், இன்ஸ்டாகிராம், திரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெட்டிட், கிக், ட்விட்ச் என்று பத்துத் தளங்கள் முதல் பட்டியலில் வந்தன. வாட்ஸாப், யூடியூப் கிட்ஸ், கூகுள் கிளாஸ்ரூம் வெளியே விடப்பட்டன. பேசுவதற்கும் படிப்பதற்கும் உள்ளவை வேறு, முடிவில்லாமல் காட்டிக்கொண்டே போகும் தளங்கள் வேறு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. கம்பெனிக்குத்தான்: 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. வயதைக் கண்டுபிடிக்க 'நியாயமான நடவடிக்கை' எடுத்ததாகக் கம்பெனிதான் காட்ட வேண்டும். இன்னொன்று, பெற்றோர் சம்மதம் என்ற விலக்கே இல்லை. அம்மா 'பரவாயில்லை, வைத்துக்கொள்ளட்டும்' என்று சொன்னாலும் பதினைந்து வயதுக்குக் கணக்கு கிடையாது.

இந்த இரண்டாவது விஷயம் முதலில் எனக்கு அதிகப்படியாகத்தான் பட்டது. என் பிள்ளைக்கு எது சரி என்று அரசாங்கம் எப்படிச் சொல்லலாம்? அப்புறம் யோசித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பெற்றோரைத் தோற்கடிப்பது எது? 'கிளாஸில் எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்ட மட்டும்தான் இல்ல' என்ற ஒரே வாக்கியம். அதற்குப் பதில் சொல்ல எந்த அம்மாவாலும் முடிவதில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அந்த வாக்கியம் பலமிழந்துவிடும். அம்மா கெட்டவளாக வேண்டியதில்லை, வீட்டில் தினமும் சண்டை போட வேண்டியதில்லை. அந்தச் சட்டத்துக்கு ஆஸ்திரேலியப் பெற்றோரிடம் அவ்வளவு ஆதரவு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, வேலை செய்கிறதா? முதல் மாதத்திலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக 2026 ஜனவரியில் அந்நாட்டு அரசு சொன்னது. ஒரே பிள்ளைக்கு நாலைந்து கணக்கு இருக்கலாம், பயன்படுத்தாமல் கிடந்தவையும் இருக்கலாம். அதனால் 47 லட்சம் பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும், யார் சின்னப் பிள்ளை என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிகள், அபராதம் என்று வந்ததும் ஒரு மாதத்துக்குள் இவ்வளவு கணக்கைக் கண்டுபிடித்துவிட்டன. இது நமக்குப் பெரிய பாடம். அக்கா, அண்ணன் முகத்தைக் கேமராவில் காட்டித் தாண்டிய பிள்ளைகளும் உண்டு. கணக்கு இல்லாமல் யூடியூப் பார்க்க இப்போதும் தடையில்லை. கணக்கோடு சேர்ந்து சிறுவர்களுக்கான பாதுகாப்பும் போய்விடுகிறது என்று அந்தக் கம்பெனி குறை சொன்னது, அதில் நியாயம் இருக்கிறது. ரெட்டிட் இந்தச் சட்டத்தை எதிர்த்து அங்குள்ள உயர்ந்த நீதிமன்றத்துக்கே போனது.

முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பத்து வயதையும் முப்பது வயதையும் அது பிரித்துவிடும். பதினைந்தையும் பதினாறையும் எப்படிப் பிரிக்கும்? கணிப்பு ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே போகத்தான் செய்யும். அதுவும் வெள்ளைத் தோல் முகங்களைவிட மற்ற முகங்களில் தவறு கூடுதலாக வரும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய நோய். அரசாங்க அடையாள அட்டையை மட்டுமே கேட்டு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வழியும் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே சட்டம் எழுதும்போது அந்த வரி விட்டுப்போய்விடக் கூடாது. இல்லையென்றால் பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லி ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரும் கம்பெனிகள் கைக்குப் போய்விடும்.

மலேசியாவும் 2026 முதல் பதினாறு என்று அறிவித்திருக்கிறது. பிரான்ஸ் பதினைந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2023-இல் போட்ட சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தோடு மோதியதால் நடைமுறைக்கே வரவில்லை, இப்போது மறுபடி முயல்கிறார்கள். டென்மார்க்கும் பதினைந்து என்கிறது, பெற்றோர் விரும்பினால் பதின்மூன்றிலிருந்து விடலாம் என்ற விலக்கோடு. அந்த விலக்கு எங்கே போய் முடியும் என்பதைத்தான் அடுத்ததில் பார்க்கப்போகிறோம்.

நம் நாட்டுச் சட்டத்தின் பதினெட்டு

நம் நாட்டில் வயது வரம்பே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது முடியாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாள வேண்டுமானால் பெற்றோரின் 'சரிபார்க்கத்தக்க சம்மதம்' வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம். ஆகவே 2027 மே வாக்கில்தான் இது உண்மையில் நடைமுறைக்கு வரும். உலகத்திலேயே உயர்ந்த வயது வரம்புகளில் இது ஒன்று. காகிதத்தில் பார்த்தால் ஆஸ்திரேலியாவைவிடக் கடுமையானது.

ஆனால் விதியை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'நான்தான் பெற்றோர்' என்று சொல்லும் நபர் வயது வந்தவரா, அடையாளம் காணத்தக்கவரா என்று நிறுவனம் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த நபரின் விவரம் ஏற்கெனவே நிறுவனத்திடம் இருந்தால் அது போதும், இல்லையென்றால் டிஜிலாக்கர் போன்றவற்றின் வழியாக உறுதிசெய்யலாம். அந்த நபர் உண்மையிலேயே இந்தப் பிள்ளையின் அம்மாவா, அப்பாவா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. விதியோடு கொடுத்திருக்கும் உதாரணங்களிலோ, தான் குழந்தை என்பதைப் பிள்ளையோ பெற்றோரோ முதலில் சொல்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. அவள் 1999 என்று போட்டால்? சம்மதம் என்ற பேச்சே எழாது.

இப்போது மறுபடியும் அந்தத் தையல் மெஷின் பலகைக்கு வருகிறேன். பிள்ளை உண்மையான வருடத்தையே போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'உன் அம்மாவின் சம்மதம் வேண்டும்' என்று தளம் கேட்கிறது. அம்மாவின் எண்ணுக்கு ஓடிபி வருகிறது. அந்த எண் இருப்பது அவள் கையில் இருக்கும் இதே போனில். அம்மாவின் டிஜிலாக்கரைத் திறந்துகொடுத்ததே அவள்தான்; கடவு எண் அவளுக்கு மனப்பாடம். அக்கா வேலை மும்முரத்தில், 'என்னமோ கேக்குது, போட்டு விடு' என்பாள். நம் ஊரில் லட்சக்கணக்கான வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. இந்த வீடுகளில் பெற்றோர் சம்மதம் என்பது பிள்ளை தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற சம்மதம். அமெரிக்காவில் 2011-இல் வந்த ஓர் ஆய்வு, பிள்ளைகள் வயதை மாற்றி முகநூலில் சேர்வதற்குப் பெற்றோரே பலர் உதவியதைக் காட்டியது. அங்கேயும் அதுதான் நிலைமை.

தென்கொரியாவும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா, அம்மாவின் குடியுரிமை எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். விளையாட்டும் கணினியிலிருந்து போனுக்கு மாறிவிட்டது. பத்து வருடம் கழித்து, 2021-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட முடிவு செய்தார்கள்.

பெற்றோர் மேல் பொறுப்பைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று சாயங்காலம் ஏதாவது ஒரு டியூஷன் சென்டர் வாசலில் போய் நின்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஸ்கூட்டிகள் வரிசையாக நிற்கும். அப்பா அம்மா தெரியாமல் கொடுத்த சாவி இல்லை அது. நேரமில்லை, பஸ் இல்லை, வேறு வழியில்லை என்று கொடுத்த சாவி. ஓய்வில்லாத வீட்டில் சம்மதம் சுலபமாகக் கிடைத்துவிடும்.

சம்மதத்தில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு, அது பெண்பிள்ளைகளைப் பற்றி. நாடு முழுக்கக் கிராமத்துப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு ஆய்வில் 14 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்திருந்தது. அவர்களில் 76 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்திருந்தார்கள். படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் பையன்களில் 36 சதவீதம், பெண்களில் 27 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பதினெட்டு வரைக்கும் பெற்றோர் சம்மதம் என்றால் இந்த இடைவெளி என்ன ஆகும்? 'பையன்தானே, இருக்கட்டும்' என்று ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கிடைக்கும் சம்மதம் பதினேழு வயதுத் தங்கைக்குக் கிடைக்காது. பிளஸ் டூ படிக்கிற பெண் கல்லூரி அட்மிஷன் தகவல் தேட, நீட் பயிற்சி வீடியோவில் கணக்குத் திறந்து கேள்வி கேட்க, வீட்டில் சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கு உதவி தேட, ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் போய் நிற்க வேண்டுமா? எல்லோருக்கும் பொதுவான ஒரு வயது வரம்பில் இந்தப் பாகுபாடு வராது. பதினாறு என்றால் அண்ணனுக்கும் பதினாறு, தங்கைக்கும் பதினாறு.

இவ்வளவு குறை சொன்னாலும், அதே சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பது, அவர்கள் நடத்தையைக் கவனிப்பது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது மூன்றுக்கும் தடை. இதற்கு அம்மாவின் ஓடிபி தேவையில்லை. சம்மதம் கொடுத்திருந்தாலும் இதைச் செய்யக் கூடாது. பிள்ளை எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றாள் என்று எண்ணி, அதை வைத்து அடுத்ததைக் காட்டி, விடாமல் உட்காரவைக்கிற இயந்திரத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது இது. இந்தப் பிரிவைப் பற்றி நம் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. சம்மதத்தைவிட இது பத்து மடங்கு பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம். சில வகை நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அந்த விலக்குகளை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

வயதைக் கேட்காமல் தளத்தை மாற்றுவது

பிரிட்டன் முதலில் போன வழி வேறு. பிள்ளை வரக்கூடிய இடம் என்றால் அந்த இடத்தையே பிள்ளைக்குத் தகுந்த மாதிரி கட்டு என்று கம்பெனிகளிடம் சொன்னார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அந்தரங்க அமைப்புகள் முதலிலிருந்தே உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும், இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி அணைந்திருக்க வேண்டும், தகவலைக் கொடுக்கச் சொல்லிப் பிள்ளையை நச்சரிக்கக் கூடாது. இந்த விதிமுறைக்கு இணங்க 2021 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய சில வாரங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இன்ஸ்டாகிராம், பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் புதிய கணக்குகளைத் தானாகவே தனிப்பட்ட கணக்காக வைக்கத் தொடங்கியது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு யூடியூப், தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை முதலிலேயே அணைத்து வைத்தது. டிக்டாக் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் பதின்ம வயதினருக்கு அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தியது. பிரிட்டனுக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்கும் இது கிடைத்தது. ஒரு நாடு கட்டடத்தை மாற்றச் சொன்னால் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் நிழல் கிடைக்கிறது.

குறை என்ன? நடைமுறையில் இதுவும் பெரும்பாலும் பிள்ளை சொல்கிற வயதைத்தான் நம்பியது. 1999 என்று போட்டவளுக்கு இந்த நிழல் இல்லை. பிரிட்டனும் பிறகு 2023-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2025 ஜூலையிலிருந்து ஆபாசத் தளங்கள் போன்றவற்றுக்குக் கடுமையான வயதுச் சோதனையை வைத்தது.

சீனாவின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நாம் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, தேர்ந்தெடுக்கவும் கூடாது. டிக்டாக்கின் சீன வடிவமான டோயினில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 நிமிடம், இரவு பத்து முதல் காலை ஆறு வரை கிடையாது. நேரத்தைக் கட்டுப்படுத்துவது நல்ல யோசனைதான். அதற்காக ஒவ்வொரு மனிதனும் உண்மைப் பெயரில், அரசுக்குத் தெரிந்த அடையாளத்தோடு மட்டுமே பேச முடியும் என்ற ஏற்பாடு நமக்கு வேண்டாம்.

எதை எடுப்பது

எனக்குச் சரியென்று படுவது இது. கணக்குத் திறக்கப் பதினாறு, ஆஸ்திரேலியாவைப் போல முழுப் பொறுப்பும் கம்பெனி மேல், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தண்டனை இல்லாமல். கண்காணிப்புக்கும் விளம்பரத்துக்கும் நம் சட்டத்தில் உள்ள பதினெட்டு அப்படியே இருக்கட்டும். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் பெற்றோர் சம்மதம் என்ற சடங்கை எடுத்துவிடலாம்.

பதினைந்தும் இல்லை, பதினெட்டும் இல்லை, ஏன் பதினாறு? நம் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பார்த்துச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள மூன்று வருடம்தான் தன் முகம், தன் நிறம், தன் உடம்பு பற்றி ஒரு பிள்ளை அதிகமாகக் கலங்கும் காலம். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு எத்தனை லைக் என்ற கணக்கு அவள் தலையில் ஏற வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து பிளஸ் ஒன் சேரும்போது பல பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போகிறார்கள், பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள், ஓரளவு தனியாக முடிவெடுக்கத் தொடங்குகிறார்கள். அப்போது திறந்துவிட்டால், வீட்டில் இருக்கும் கடைசி இரண்டு வருடத்தில் பழகிக்கொள்வார்கள். பதினெட்டு என்றால், வீட்டை விட்டுக் கிளம்பும் அதே நாளில் யாருமே பக்கத்தில் இல்லாமல் முதன்முதலாக உள்ளே போவார்கள்.

ஆனால் பதினாறு என்று சட்டம் போட்டுவிட்டால் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, காரணம் அந்தத் தையல் மெஷின் பலகை. அதே ஏசர் ஆய்வின்படி, போன் இயக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளைகளிலேயே சொந்தப் போன் உள்ளவர்கள் நூற்றுக்கு 38 பேர்தான். மற்றவர்கள் வீட்டுப் போனைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுப் போனில் இருப்பது அம்மாவின் கணக்கு. அம்மாவின் கணக்கில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆஸ்திரேலியச் சட்டமும் தொடாது, நம் சட்டமும் தொடாது. கணக்கின் சொந்தக்காரிக்கு வயது முப்பத்தெட்டு. இங்கேதான் பிரிட்டன் வழி நமக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. தானாக ஓடுவது, முடிவே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போவது, ராத்திரி பதினோரு மணிக்கு வரும் அறிவிப்பு ஆகியவை எல்லோருக்குமே முதலில் அணைந்திருக்க வேண்டும், வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விதி வந்தால்தான், பகிர்ந்துகொள்ளும் போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்று அரசாங்கம் கேட்டால், நான் இதைத்தான் முதலில் கேட்பேன். பதினாறு அடுத்தது.

2027 மே வரை காத்திருக்க முடியாது என்பதால் அன்று அக்கா வீட்டில் நாங்களே ஒரு முடிவு செய்தோம். முதலில் அவள் எதற்குக் கணக்குத் திறந்தாள் என்று கேட்டேன். மார்கழி முழுக்க அவள் போட்ட கோலங்களை அம்மா போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். நாற்பது படத்துக்கு மேல் இருக்கும். ஒரு புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசை தப்பிப்போய், அதை மயிலாக மாற்றியிருந்தாள். இதை யாருக்காவது காட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. திட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கணக்கை அவளே அழித்தாள். கோலப் படங்களை அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் தினம் ஒன்றாகப் போட்டோம். மதுரைப் பெரியம்மா தன் காலத்துச் சிக்குக் கோலம் ஒன்றை நோட்டில் போட்டுப் பதிலுக்கு அனுப்பினார். யூடியூபில் தானாக ஓடுவதை அணைத்தோம், பார்த்தவற்றை நினைவில் வைப்பதையும் நிறுத்தினோம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் மெஷின் பலகையில்தான் சார்ஜ் ஏறும், அக்காவும் தொடக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டது பிள்ளை. "நீயும் பாக்கக் கூடாதும்மா, அப்பதான் சரி" என்றாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"அப்ப நான் எப்ப திறக்கலாம் சித்தி?"

"டென்த் பரீட்சை முடியட்டும். 2029."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப 2013-னே போட்டுக்கலாம்ல?"

"2013-னே போட்டுக்கலாம்."